சாயம் தரும் மின்சாரம்

நீலச் சாயம் ஊட்டிய துணியொன்றைப் பல நாள் வெயிலில் உலர்த்தினால் அதன் நிறம் மங்கிவிடுகின்றது. மடிப்புக்குள் மறைந்திருந்த பகுதி மட்டும் புதுத்துணியைப் போலவே ஒளிர்ந்துகொண்டிருக்கும். வீடுதோறும் காணும் காட்சியாதலின் இதனை நாம் பெரிதாகக் கருதுவதில்லை. ஆயினும் இதனுள் ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது. ஒளி சாயத்தின்மீது பட்டு வாளா திரும்பிவிடுவதில்லை. அதனுள் புகுந்து ஏதோ ஒரு வேலையைச் செய்கின்றது. அந்த வேலை துணியைக் கெடுக்கும் வழியில் செல்லாதவாறு தடுத்து, அதனைக் கம்பியின் வழியே மின்னோட்டமாகச் செலுத்த இயலுமா? இயலும் என்று அறிஞர்கள் காட்டியுள்ளனர். அவர்கள் படைத்த கருவிக்குக் கரிமச் சூரிய மின்கலம் என்று பெயர்.

கரிமப் பொருள் என்பது யாது? கரியணுக்களை அடிப்படையாகக் கொண்டு அமைந்த பொருள்களைக் கரிமப் பொருள்கள் என்பர். சர்க்கரை, பருத்தி, எண்ணெய், இலையின் பச்சையம், பிளாஸ்டிக், துணிச் சாயங்களில் மிகப் பல ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இவற்றுள் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. செம்புக் கம்பியைத் தொடுவோர்க்கு அதிர்ச்சி நேராதபடி அதன்மேல் நாம் இடும் உறை பிளாஸ்டிக்கே அன்றோ? மின்சாரத்தைத் தடுப்பதற்கென்று நாம் கையாளும் இனத்திலிருந்தே மின்சாரத்தைப் பெறுவது எங்ஙனம் என்பதை இங்குக் காண்போம்.

ஒளிக்கும் மின்சாரத்திற்கும் உள்ள உறவை முதன்முதலிற் கண்டவர் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர். எட்மண்ட் பெக்கெரல் என்னும் அவர், 1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தம் தந்தையாரின் ஆய்வுக்கூடத்தில், வெள்ளி உப்புப் பூசிய பிளாட்டினத் தகடுகளை அமிலக் கரைசலில் நிறுத்தி, அவற்றின்மீது ஒளி விழச் செய்தார். உடனே தகடுகளை இணைத்த கம்பியில் மின்சாரம் ஓடிற்று. அதன்பின் 1873ஆம் ஆண்டில் வில்லோபி ஸ்மித் என்னும் ஆங்கிலப் பொறியாளர், கடலடியில் இடும் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்காகச் செலினியக் கோல்களைப் பயன்படுத்தினார். அக்கோல்களின் மின்தடை ஒரு நிலையில் நில்லாமல் மாறிக்கொண்டே இருந்தது. அவற்றை ஒரு பெட்டியில் வைத்து ஆராய்ந்தபோது, மூடியைத் திறந்தால் தடை குறைவதும், மூடினால் மிகுவதும் புலப்பட்டன. ஒளி பட்டவுடன் செலினியம் மின்சாரத்தை எளிதாகக் கடத்தியது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். ஸ்மித் கண்டது, வேறொரு மின்கலம் செலுத்தும் மின்னோட்டத்திற்கு ஒளி வழிவிடுவதை. பெக்கெரல் கண்டதோ, மின்னோட்டத்தை ஒளியே செலுத்துவதை. சூரிய மின்கலம் பெக்கெரலின் வழியில் வந்தது.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கானால் ஆகிய மின்கலத்தைச் செய்து காட்டினர். தன்மேல் விழுந்த கதிரொளியின் ஆற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்சாரமாக மாற்றியது. நான்கே ஆண்டுகளில், 1958இல், அத்தகைய கலங்களைத் தாங்கி வான்கார்டு என்னும் சிறு செயற்கைக்கோள் விண்ணிற் சென்றது. இன்று வீட்டுக் கூரைகளிலும் வயல்களின் ஓரத்திலும் நாம் காணும் நீலப் பலகைகளும் கருநிறப் பலகைகளும் அம்மூவர் கலத்தின் வழித்தோன்றல்களே.

கரிமப் பொருள்களின் கதை இத்துணை வேகமாக நடைபெறவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ஆந்திரசீன் என்னும் பொருள் ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை இத்தாலிய அறிஞர் பொக்கெத்தீனோ 1906இலேயே கண்டார். 1959இல் நியூயார்க்கில் கால்மன், போப் என்னும் இருவர் ஆந்திரசீன் படிகத்திலிருந்து ஒளியின் துணையால் மின்சாரமும் பெற்றனர். ஆயின் அது கருவிகொண்டு தேடினாலன்றிப் புலப்படாத சிற்றளவு. சிலிக்கானில் எளிதாக நிகழ்ந்தது, கரிமப் பொருளில் ஏன் நிகழவில்லை? இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டால் மற்றவை யாவும் தாமே விளங்கும்.

ஒளி, துகள் துகளாக ஆற்றலைச் சுமந்து வருகின்றது என்று 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் விளக்கினார். அத்துகளுக்குப் போட்டான் என்று பெயர். ஒரு போட்டான் ஒரு பொருளால் விழுங்கப்படும்போது, அப்பொருளில் உள்ள எலெக்ட்ரான் ஒன்று அந்த ஆற்றலைப் பெற்று மேல்நிலைக்கு எழும்புகின்றது. எலெக்ட்ரான் எதிர்மின் ஏற்றம் உடையது. அது விட்டுச் சென்ற வெற்றிடம் நேர்மின் ஏற்றம் உடையதுபோல் நடந்துகொள்ளும். அதனைத் துளை என்பர். எலெக்ட்ரான் ஒரு பக்கமும் துளை மறுபக்கமுமாகப் பிரிந்து ஓடினால் மின்னோட்டம் உண்டாகும்.

ஆனால் எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பன. எலெக்ட்ரானும் துளையும் மீண்டும் ஒன்றுசேரவே விழையும். சிலிக்கான் படிகம் இந்த ஈர்ப்பை ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகின்றது. அங்கே எஞ்சிய ஈர்ப்பை அறுத்தெறிவதற்கு அறையின் சாதாரண வெப்பமே போதும். ஆதலின் ஒளி பட்டவுடனே எலெக்ட்ரானும் துளையும் தனித்தனியே உலவத் தொடங்குகின்றன. கரிமப் பொருளின் நிலை வேறு. அது தனித்தனி மூலக்கூறுகள் தளர்வாக அடுக்கி நிற்கும் கூட்டம். அங்கே அந்த ஈர்ப்பு மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோதான் குறைகின்றது. இணையைப் பிரிப்பதற்கு வேண்டிய ஆற்றல், வெப்பம் தரக்கூடிய ஆற்றலைப் போல் பத்து முதல் இருபது மடங்கு ஆகிவிடுகின்றது. எனவே எலெக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று கைவிடாமல் ஓர் இணையாகவே நிற்கின்றன. இவ்விணையை அறிவியலார் எக்சைட்டான் என்பர்.

எக்சைட்டானில் நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாக இருத்தலின் அதற்கு மொத்தத்தில் மின்னேற்றம் இல்லை. அதனை எந்த மின்வாயும் தன்பால் இழுப்பதில்லை. ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து வேறொன்றிற்கு, திசை எதுவும் இன்றி அது அலைகின்றது. அதன் வாழ்நாளோ ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாகப் பகுத்தால் அவற்றுள் ஒரு கூற்றை ஒட்டியது. அதற்குள் அது கடக்கக்கூடிய தொலைவு ஏறத்தாழ 10 நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பை எண்ணாயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பகுதி அது எனலாம். இந்தச் சிறு தொலைவுக்குள் பிரிவதற்கு இடம் வாய்க்காவிடின், எலெக்ட்ரான் தன் பழைய இடத்திற்கே வீழ்ந்துவிடும். பெற்ற ஆற்றல் சிறு ஒளியாகவோ வெப்பமாகவோ வீணாகும். வெயிலில் கிடக்கும் சாயத் துணி சுடுகின்றதே, அது இவ்வாறு வீணான ஆற்றலே.

ஆகவே கரிமப் பொருளில் ஒளி நேராக மின்னோட்டத்தைத் தருவதில்லை. அது பிரிக்கப்படாத ஓர் இணையைத் தருகின்றது. பிரிப்பது நம் பொறுப்பு.

இதற்கு வழி கண்டவர் ஹாங்காங்கிற் பிறந்து அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளராக இருந்த சிங் டாங் என்பவர். அவர் ஒரே சாயத்தை நம்பாமல் இரண்டு சாயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று செம்பு தாலோசயனின். வண்ணப் பூச்சிலும் அச்சு மையிலும் நாள்தோறும் பயன்படும் நீல நிறமி. மற்றொன்று பெரிலீன் இனத்தைச் சேர்ந்த நிறமி. முன்னது எலெக்ட்ரானைக் கொடுக்கும் இயல்பினது. பின்னது எலெக்ட்ரானை விரும்பி ஏற்கும் இயல்பினது. முன்னதைக் கொடுப்பான் என்றும் பின்னதை ஏற்பான் என்றும் அழைப்போம். இவ்விரண்டையும் மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்தார் டாங். இரண்டும் சேர்ந்தும் தடிப்பு 100 நானோமீட்டருக்குக் குறைவுதான். நீலப் படலத்தில் தோன்றிய எக்சைட்டான் அலைந்து அலைந்து இரு படலங்களும் கூடும் எல்லையை அடைந்தால், அங்கே எலெக்ட்ரான் ஏற்பானுக்குத் தாவிவிடுகின்றது. துளை கொடுப்பானிலேயே நின்றுவிடுகின்றது. இணை பிரிந்தது! 1986இல் அவர் வெளியிட்ட கட்டுரைப்படி அக்கலத்தின் திறன் ஏறத்தாழ 1 விழுக்காடு. இன்றைய கணக்கில் இது சிறிதாகத் தோன்றலாம். ஆயின் அதற்கு முன்னர் ஆய்வாளர் பெற்றவற்றோடு ஒப்பிடுகையில் அது பெரிய பாய்ச்சல்.

டாங் இதே படல அமைப்பைத் திருப்பியும் பயன்படுத்தினார் என்பதை இடையே சொல்லிச் செல்லலாம். ஒளியைக் கொடுத்து மின்சாரம் பெறுவதற்கு மாறாக, மின்சாரத்தைக் கொடுத்து ஒளி பெறும் கரிமக் கருவியை அவரும் வான் சிலைக் என்பவரும் 1987இல் வெளியிட்டனர். இன்று கைப்பேசித் திரைகள் பலவற்றில் ஒளிர்வது அவ்விளக்கின் வழிவந்ததே. ஒரே அறிஞர் மூட்டிய இரு விளக்குகளில் ஒன்று கடைத்தெருவை அடைந்துவிட்டது. மற்றொன்று இன்னும் பெரிதும் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளது. அதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

டாங் அமைத்த கலத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. படலத்தில் விழும் ஒளியை நன்கு விழுங்க வேண்டுமாயின் அதன் தடிப்பு 100 நானோமீட்டர் அளவேனும் இருத்தல் வேண்டும். எக்சைட்டானோ 10 நானோமீட்டருக்குமேல் செல்ல மாட்டாது. தடிப்பை மிகுத்தால், எல்லைக்கு அப்பால் தோன்றும் எக்சைட்டான்கள் வழியிலேயே மடியும். தடிப்பைக் குறைத்தால், ஒளியே ஊடுருவிச் சென்றுவிடும். நெடுநாள் ஆய்வாளரை வருத்திய முடிச்சு இது.

முடிச்சை அவிழ்ப்பதற்குத் துணைநின்றவை இரண்டு. ஒன்று, மின்சாரம் கடத்தும் பாலிமர். 1977இல் ஹீகர், மக்டையர்மிட், ஷிரகாவா என்னும் மூவர் பாலி அசெட்டிலீன் என்ற பாலிமர் உலோகத்தைப் போல் மின்சாரம் கடத்துமாறு செய்யலாம் என்று காட்டினர். அதற்காக 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றனர். மற்றொன்று 1985இல் கண்டறியப்பட்ட ஃபுல்லரின். அறுபது கரியணுக்கள் கால்பந்தின் தையல்களைப் போல் இணைந்து உருண்டையாக நிற்கும் மூலக்கூறு. ஒளி பட்டால் மின்மினிபோல் ஒளிரும் பாலிமர் ஒன்றில் இந்த ஃபுல்லரினைக் கலந்தபோது, அதன் ஒளிர்வு அணைந்துபோவதைச் சரிசிப்டிசியும் ஹீகரும் அவர்தம் குழுவினரும் 1992இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் கண்டனர். ஒளிர்வு அணைந்தது நற்செய்தியாயிற்று. எலெக்ட்ரான் பழைய இடத்திற்கு மீண்டு வீழ்ந்தாலன்றோ ஒளிர்வு தோன்றும்? அது வீழவில்லை, ஃபுல்லரினுக்குத் தாவிவிட்டது. அத்தாவலுக்கு ஆகும் காலம், பின்னர் அளந்தபடி, நொடியை இருபது இலட்சம் கோடியாகப் பகுத்தால் அவற்றுள் ஒரு பங்கேயாம்.

இதனை அடிப்படையாகக் கொண்டு 1995இல் சாந்தா பார்பராவினரும், அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளரும், கொடுப்பானையும் ஏற்பானையும் தனித்தனிப் படலங்களாக இடாமல் ஒன்றாகக் கலந்துவிட்டனர். உங்கள் இரு கைகளின் விரல்களையும் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வலக்கை விரலின் எந்த இடத்தில் ஓர் எறும்பை விட்டாலும், இடக்கை விரல் அதற்கு மிக அருகிலேயே இருக்கும். அதே வேளையில், ஒவ்வொரு விரலும் தன் உள்ளங்கையோடு தொடர்பு அறாமலும் இருக்கின்றது. கலவையும் இத்தகையது. எங்கே எக்சைட்டான் தோன்றினும் எல்லை 10 நானோமீட்டருக்குள் கிட்டும். பிரிந்த எலெக்ட்ரான் ஏற்பானின் வழியாகவும் துளை கொடுப்பானின் வழியாகவும் தத்தம் மின்வாயை அடையும். படலம் முழுவதும் 100 நானோமீட்டர் தடிப்பிருந்தாலும் குற்றமில்லை. இரு பொருள்களையும் ஒரு திரவத்தில் கரைத்து, மையைப் பூசுவதுபோல் பூசி உலரவிட்டால், இந்தப் பின்னல் தானாகவே அமைந்துவிடுகின்றது. எந்தத் திரவம், எத்துணை வேகத்தில் உலர்த்துவது என்பவற்றைப் பொறுத்துப் பின்னல் நேர்த்தியாகவும் அமையும்; கட்டி கட்டியாகத் திரண்டு கெட்டும்போகும். ஆய்வாளரின் பொறுமையை இப்பகுதியே மிகுதியாகச் சோதிக்கின்றது.

இனி, ஒளியின் அளவு கூடினாலும் குறைந்தாலும் மின்னோட்டம் எவ்வாறு மாறும் என்பதைக் காண்போம். இருட்டில் உள்ள கலத்தை வெளி மின்கலம் ஒன்றோடு இணைத்தால், அது ஒருவழிக் கதவுபோல் நடந்துகொள்கின்றது. ஒரு திசையில் மின்னோட்டத்தை விடும். எதிர்த்திசையில் ஏறத்தாழ முற்றும் தடுக்கும். ஒளி பட்டவுடன், தடுத்துக்கொண்டிருந்த அந்த எதிர்த்திசையிலேயே ஒரு மின்னோட்டம் எழுகின்றது. நமக்கு வேண்டியது அதுவே.

எடுத்துக்காட்டாக, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள நல்ல கரிமக் கலம் ஒன்றைக் கொள்வோம். உச்சி வெயிலில் அதன்மீது விழும் ஆற்றல் ஏறத்தாழ 100 மில்லிவாட். அதன் இரு முனைகளையும் நேராக இணைத்தால் 25 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஓடும். முனைகளை இணைக்காமல் விட்டால் 0.83 வோல்ட் மின்னழுத்தம் நிற்கும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 21 மில்லிவாட் வருகின்றது. ஆயினும் அவ்வளவும் நமக்குக் கிட்டாது. உயர்ந்த மின்னோட்டமும் உயர்ந்த மின்னழுத்தமும் ஒருங்கே வாய்ப்பதில்லை. முக்கால் பங்கே பயனாகும். எனவே கிடைப்பது 15 முதல் 16 மில்லிவாட்.

இப்பொழுது ஒரு மேகம் வந்து ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றது என்று வைத்துக்கொள்வோம். போட்டான்கள் பத்தில் ஒரு பங்காயின. எக்சைட்டான்களும் அவ்வாறே ஆயின. ஆதலின் மின்னோட்டமும் 25இலிருந்து ஏறத்தாழ 2.5 மில்லி ஆம்பியராக வீழும். ஆனால் மின்னழுத்தமோ 0.06 வோல்ட் அளவே குறைந்து 0.77 வோல்ட்டில் நிற்கும். ஒளியை மேலும் பத்தில் ஒரு பங்காக்கினாலும் அது ஏறத்தாழ அதே அளவுதான் மறுபடியும் இறங்கும். மின்னோட்டம் ஒளியின் பின்னே நிழல்போல் செல்கின்றது. மின்னழுத்தமோ முதியவர் படி இறங்குவதுபோல் மெல்ல மெல்ல இறங்குகின்றது. இவ்வியல்பு சிலிக்கானுக்கும் பொதுவானதே.

கரிமக் கலத்திற்கென்று தனியே உள்ள இயல்பு ஒன்று உண்டு. சிலிக்கான் படிகத்தில் எலெக்ட்ரான் அகன்ற நெடுஞ்சாலையில் ஓடுவதுபோல் ஓடும். கரிமப் பொருளிலோ, ஆற்றைக் கடப்பவன் கல்லுக்குக் கல் தாவுவதுபோல் மூலக்கூறுக்கு மூலக்கூறு தாவ வேண்டும். அதன் வேகம் இலட்சம் மடங்கும் அதற்கு மேலும் குறைந்திருப்பது வழக்கம். அவ்வளவு மெதுவாகச் செல்லும்போது, எதிரே வரும் துளையோடு மோதி மீண்டும் அழிந்துபோக இடமுண்டு. இதனைத் தடுப்பது, இரு மின்வாய்களுக்கும் இடையே கலத்தினுள் அமைந்துள்ள மின்புலம். 100 நானோமீட்டரில் ஒரு வோல்ட் என்றால் சென்டிமீட்டருக்கு ஓர் இலட்சம் வோல்ட் ஆகின்றது! அப்புலம் ஏற்றங்களை விரைந்து இருபுறமும் துரத்துகின்றது. ஆனால் நாம் கலத்திலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் பெற முயலுந்தோறும் இந்த உட்புலம் தளர்கின்றது, வழியில் மடியும் ஏற்றங்கள் மிகுகின்றன, மின்னோட்டம் குறைகின்றது. மேற்சொன்ன முக்கால் பங்குக் கணக்கில் கரிமக் கலங்கள் சிலிக்கானுக்குப் பின்தங்குவதன் காரணங்களுள் இது தலையாயது. ஒளி மிகக் கடுமையாக இருக்கும்போதும் இவ்வாறே நேர்கின்றது. கூட்டம் பெருகினால் தெருவில் மோதல் பெருகுமன்றோ? அப்பொழுது ஒளி இருமடங்காயினும் மின்னோட்டம் சரியாக இருமடங்காவதில்லை.

இதன் மறுபக்கம் நன்மையானது. ஒளி மங்கலாக உள்ள இடத்தில் மோதல் குறைவு. அறையினுள் எரியும் விளக்கொளியில், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களும் இரா. அதற்கேற்ற சாயத்தைத் தேர்ந்துகொண்டால், கரிமக் கலம் வெயிலில் பெறும் திறனைவிட உயர்ந்த திறனை வீட்டினுள்ளே பெறுகின்றது. சிறு மின்னாற்றலே வேண்டும் கருவிகளுக்கு இது மிகவும் ஏற்றது.

ஃபுல்லரினைக் கொண்ட கலங்கள் ஏறத்தாழ 11 விழுக்காட்டோடு நின்றுவிட்டன. ஃபுல்லரின் எலெக்ட்ரானை நன்றாக ஏற்றதேயன்றிக் கதிரொளியை மிகுதியாக விழுங்கவில்லை. கலவையில் பாதிக்குமேல் இடம் பிடித்துக்கொண்டு ஒளி விழுங்கும் வேலையில் சோம்பியிருந்தது எனலாம். 2015இல் பீக்கிங் பல்கலைக்கழகத்துச் சான் சியாவோவெய் குழுவினரும், 2019இல் சாங்ஷா நகரத்து சோ யிங்பிங் குழுவினரும், தாமும் ஒளியை விழுங்கும் புதிய ஏற்பான்களைப் படைத்தனர். பின்னவர் படைத்த ஒய்-6 என்னும் மூலக்கூறு அகச்சிவப்பின் ஒரு பகுதியையும் விழுங்கவல்லது. அதனால் திறன் 15.7 விழுக்காட்டை எட்டியது. அதன் வழிவந்தவற்றால் ஆய்வுக்கூடத்துச் சிறு கலங்கள் 19 விழுக்காட்டைக் கடந்துவிட்டன. கடைகளில் விற்கும் சிலிக்கான் பலகைகளின் திறனை இது நெருங்குகின்றது. அவற்றிற்கு வேண்டிய சிலிக்கானை 1,414 பாகை வெப்பத்தில் உருக்க வேண்டும். கரிமப் படலத்தையோ செய்தித்தாள் அச்சடிப்பதுபோல் நெகிழும் தாளின்மேல் அச்சிடலாம். எடையும் மிகக் குறைவு. ஒளி ஊடுருவும் படலமாகச் செய்து சன்னற் கண்ணாடியில் ஒட்டலாம். பளுவைத் தாங்காத கூரைமீதும் விரிக்கலாம்.

அங்ஙனமாயின் அவை ஏன் எங்கும் பரவவில்லை? இங்கேதான் மங்கிய துணியை மீண்டும் எண்ண வேண்டியுள்ளது. ஆற்றல் பெற்று எழும்பிய மூலக்கூறு அமைதியான மூலக்கூறு அன்று. அருகில் உயிர்வளியின் மூலக்கூறு இருப்பின், அதனோடு எளிதில் வினைபுரிகின்றது. புறஊதாக் கதிர்களோ சில பிணைப்புகளை நேராகவே அறுத்துவிடுகின்றன. ஒரு பிணைப்பு அறுந்தால், அம்மூலக்கூறு ஒளியை விழுங்கும் தன்மையை இழக்கும். அல்லது, வழியில் செல்லும் ஏற்றங்களைச் சிக்கவைக்கும் பொறியாக மாறிவிடும். நாட்பட நாட்பட மின்னோட்டம் குறைகின்றது. கலம் எந்த ஒளியை உண்டு வேலை செய்கின்றதோ, அந்த ஒளியே அதனை அரிக்கின்றது. ஈரம் மின்வாய்களைக் கெடுப்பதும், வெப்பத்தால் நேர்த்தியான பின்னல் மெல்ல மெல்லக் கட்டி கட்டியாகப் பிரிவதும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன.

இலையும் கரிமப் பொருள்களால் ஆயதே. அது வெயிலில்தான் நாள்தோறும் நிற்கின்றது. அது மட்டும் எவ்வாறு கெடாமல் இருக்கின்றது என்று கேட்கலாம். உண்மையில் இலையும் கெடுகின்றது. ஒளியை ஏற்கும் அதன் அமைப்பில் டி-1 என்னும் புரதம் பகற்பொழுதில் ஒளியால் சிதைந்துகொண்டே இருக்கின்றது. உயிருள்ள இலை, சிதைந்ததை நீக்கிவிட்டுப் புதியதை உடனுக்குடன் கட்டிக்கொள்கின்றது. கரிமக் கலத்திற்கு அத்தகைய கொத்தனார் இல்லை. அச்சிட்ட நாளில் பெற்ற மூலக்கூறுகளைக் கொண்டே அது தன் வாழ்நாளை ஓட்ட வேண்டும்.

கோடாக்கின் ஒளிரும் படலம் முந்திக்கொண்டதற்கும் இதுவே ஒரு காரணம். கைப்பேசித் திரை பெரும்பாலும் சட்டைப்பையிலும் வீட்டினுள்ளும் இருப்பது; சில ஆண்டுகள் உழைத்தால் போதும். கூரைமேற் கலமோ உச்சி வெயிலில் இருபது ஆண்டுகள் கிடக்க வேண்டும். ஹீகர் தொடக்கத்திற் பங்குகொண்ட கொனார்க்கா என்னும் அமெரிக்க நிறுவனம் கரிமக் கலங்களைச் சுருள் சுருளாக அச்சிட்டு விற்க முயன்றது. 2012இல் அது நொடித்துப்போயிற்று. அக்காலத்தில் சிலிக்கான் பலகைகளின் விலை விரைந்து வீழ்ந்ததால் புதியவர் போட்டியிடுவது எளிதாக இல்லை. ஜெர்மனியின் திரெஸ்டன் நகரில் உள்ள ஹெலியாடெக் நிறுவனம் வேறொரு முறையைக் கையாள்கின்றது. டாங் செய்ததைப் போலவே, வெற்றிடத்தில் சாயத்தை ஆவியாக்கிப் படலமாகப் படியச் செய்கின்றது.

ஒரு கலம் எத்துணை நாள் உழைக்கும் என்பதை அறிவதற்கு இருபது ஆண்டுகள் காத்திருக்க இயலாதன்றோ? ஆதலின் ஆய்வாளர், காற்றுப் புகாதவாறு கண்ணாடிக்கிடையே அடைத்த கலத்தை, வெயிலையொத்த விளக்கின் கீழ் இரவும் பகலும் வைக்கின்றனர். வேறு சிலவற்றை 85 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரமும் உள்ள அறையில் 1,000 மணி நேரம் நிறுத்துகின்றனர். நாள்தோறும் மின்னோட்டத்தை அளந்து குறிக்கின்றனர். பல கலங்களில் முதற் சில நூறு மணி நேரத்திற்குள் திறன் விரைந்து வீழ்ந்து, பின்னர் மெதுவாகவே இறங்குகின்றது. தொடக்கத்தில் இருந்த திறனில் ஐந்தில் நான்கு பங்காக அது குறையும் வரை ஆகும் காலத்தையே கலத்தின் வாழ்நாளாகக் கொள்கின்றனர். புதிய சாயமொன்றைப் படைத்தோம் என்று அறிவிப்பவரிடம் பிற ஆய்வாளர் கேட்பது இப்பொழுது இரண்டு எண்களை. விழுக்காடு எத்துணை என்பது ஒன்று. எத்தனை மணி நேரம் என்பது மற்றொன்று.